பக்கத்து ரூம் நேயர்

போன மாசம் ஒரு யூடியூப் சேனல்காரங்க எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். திருப்பூர் லோக்கல் கேபிள் டிவியில் முதன்முதலாகப் பாட்டுப் போட்ட பெண்கள் என்று தேடிப் பிடித்திருக்கிறார்கள். ஏசி ரூம், மெத்தை வைத்த நாற்காலி, சட்டைப் பித்தான் அளவுக்கு ஒரு மைக். எங்கள் காலத்தில் மைக் பிடித்தால் ராத்திரி கை வலிக்கும். பேட்டி எடுத்த பொண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். "மேடம், உங்களால மறக்கவே முடியாத ஃபோன் கால் எது?" என்று கேட்டாள்.

நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். உடனே என் கூட்டாளி காளைமாட்டுக் கதையை எடுத்து விட்டாள். காங்கேயம் ரோட்டுக்காரர் ஒருத்தர் போன் பண்ணி, தீனி எடுக்காமல் படுத்துவிட்ட தன் காளைக்கு ஒரு பாட்டுப் போடச் சொன்ன கதை. அந்தப் பொண்ணு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிக்கட்டும், பாவம். காளைமாட்டுக்காரராகக் கட்டைக் குரலில் பேசினது நான்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மறக்க முடியாத கால் ஒன்று உண்டுங்க. அதைக் காமிரா முன்னால் சொல்ல முடியாது. பேர் இல்லாமல், ஊர் இல்லாமல் எழுதினால் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது என்று கூட்டாளி சொன்னாள். அதனால்தான் எழுதுகிறேன்.

செல்போன் எல்லார் கைக்கும் வராத நாட்கள் அவை. வாரத்துக்கு ஒரு நாள் அரை மணி நேரப் பாட்டுக்காகக் காத்துக் கிடந்த சனத்துக்கு, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு என்றால் சும்மாவா? எங்கள் கேபிள்காரரை நாங்கள் கேபிள் அண்ணன் என்போம். நூல் குடோனுக்கு மேலே ஒரு ரூம் பிடித்து, ஒரு காமிரா வாங்கிப் போட்டு, சேனல் என்று பேர் வைத்துவிட்டார். பின்னால் தொங்கின நீலத் துணி எங்கள் கம்பெனியில் செகண்ட்ஸ் என்று ஒதுக்கினது. கறை இருந்த பக்கத்தை நான் உட்கார்ந்து மறைத்துக்கொள்வேன். அதனால் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசையக்கூடாது. "அந்தப் பொண்ணு எவ்வளவு அடக்கமா உக்காந்து பேசுது பாரு" என்று ஊரில் எனக்கு நல்ல பேர்.

நான் குன்னத்தூர்ப் பக்கம். பனியன் கம்பெனியில் செக்கிங். என்னதான் சுத்தத் தமிழில் பேசச் சொன்னாலும் நாலாவது வாக்கியத்தில் 'ஏனுங்க' வந்து விழும். கூட்டாளி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவள். அவளுக்கு நான் 'ஏனுங்க', எனக்கு அவள் 'தெக்கத்திக்காரி'. இன்றைக்கு வரைக்கும் அதே பேர்தான். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய் அவளுக்கு. பத்துப் பேர் குரலில் பேசுவாள்.

இப்போது எங்கள் களவாணித்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நிகழ்ச்சி லைவ் என்றுதான் போட்டுக்கொள்வோம். ஆனால் கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம் என்றால் எட்டு மணிக்கு முன்னால் விடமாட்டார்கள். அப்புறம் எங்கே ஆறு மணிக்கு வந்து உட்காருவது? அதனால் ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாரத்துக்கும் சேர்த்து எடுத்துவிடுவோம். துப்பட்டாவை மாற்றினால் திங்கள், பொட்டை மாற்றினால் செவ்வாய். தலையில் வைத்த பூ மட்டும் ஒரே பூ. திங்கட்கிழமை கம்மென்று இருக்கிற மல்லிகை வெள்ளிக்கிழமை வதங்கித் தொங்கும். "வெள்ளிக்கிழமை அதுவுமா நல்ல பூ வெக்கக் கூடாதா கண்ணு?" என்று ஒரு அம்மா என்னைக் கறிக்கடையில் நிறுத்திக் கேட்டார்.

சரி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எடுத்தால் நேயர்கள் எப்படிப் போன் பண்ணுவார்கள்? பண்ணவே மாட்டார்கள். நாங்களேதான் பண்ணிக்கொள்வோம். ஒருத்தி காமிரா முன்னால், இன்னொருத்தி பக்கத்து ரூமில் போனைப் பிடித்துக்கொண்டு. நான் உட்கார்ந்தால் அவள் நேயர், அவள் உட்கார்ந்தால் நான் நேயர். நிஜமாகவே ஆறு மணிக்குப் போன் பண்ணுகிறவர்களுக்கு எப்போதும் எங்கேஜ்டுதான் வரும். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடச் சொல்லியிருந்தார் அண்ணன். "லைனே கிடைக்க மாட்டேங்குது, அவ்வளவு பேரு பண்றாங்க" என்று ஊரே பேசிக்கொண்டது. யாருக்கு என்ன நட்டம், பாட்டுத்தானே, என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

அந்த வருசம் தீபாவளி முடிந்த ஞாயிறு. சோகமாக ஒரு அம்மா பாட்டு மட்டும் மிச்சம் இருந்தது. "யாராச்சும் ஒரு தாய் பேசற மாதிரி வெச்சுக்கங்க, நாலு பேரு அழுவணும்" என்றார் அண்ணன். தெக்கத்திக்காரி பக்கத்து ரூமுக்குப் போனாள். போன் வழியாக ஒரு குரல் வந்தது பாருங்க, எனக்கே புல்லரித்துவிட்டது.

"எம் மக அங்கதான் திருப்பூருல ஏதோ பனியன் கம்பெனில வேலை பாக்கா தாயி. எங்களைப் பகைச்சுக்கிட்டுப் போயிட்டா. ரெண்டு வருசமாச்சு. பேரு சொல்ல மாட்டேன். வாசல்ல முருங்கை காய்ச்சுத் தொங்குது, பறிச்சுத் திங்க ஆளில்ல. இதக் கேட்டான்னா வீட்டுக்கு வந்துரச் சொல்லுங்க. அவுக அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டாவ. கோவமெல்லாம் போயிட்டு."

நான் நிஜமாகவே அழுதேன். பேசுகிறது யார் என்று தெரிந்தும் அழுதேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்க. "அழுவாதீங்கம்மா, உங்க பொண்ணு கட்டாயம் வந்துருவாங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே பாட்டுக்குக் கைகாட்டினேன். ரூமை விட்டு வெளியே வந்த தெக்கத்திக்காரிக்கு அண்ணன் முட்டை பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை அது ஒளிபரப்பானது. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கிவிட்டு, மறுநாளைக்குப் பாட்டு எடுத்து வைக்க நான் முன்னால் போயிருந்தேன். படியேறி ஒரு புள்ளை வந்தது. இருபது வயசு இருந்தால் அதிகம். மேல் மூச்சு வாங்குகிறது, வயிறு முன்னால் தள்ளி நிற்கிறது, கையில் ஒரு துணிப்பை. "நீங்கதானக்கா அந்தப் பாட்டு அக்கா?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டது. "எங்கம்மா கூட பேசினீங்களே, நல்லாருக்கணும்க்கா நீங்க."

எனக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. அந்தப் புள்ளை படபடவென்று சொல்லிக்கொண்டே போனது. அதுவும் திருநெல்வேலிப் பக்கம். வேற சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஓடி வந்திருக்கிறது. அப்பாவும் அண்ணனும் அரிவாளோடு தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தேடி வந்தார்களாம். அதற்கப்புறம் ஒரு கடுதாசி கிடையாது, ஒரு தகவல் கிடையாது. இவர்கள் திருப்பூருக்குத்தான் போயிருப்பார்கள் என்று அம்மாவுக்கு மட்டும் தெரியுமாம். பக்கத்து வீட்டு டிவியில் அம்மா குரலைக் கேட்டிருக்கிறது. "எங்கம்மா குரல் எனக்குத் தெரியாதாக்கா? எங்க வீட்டு வாசல்லயும் முருங்கை மரந்தான் நிக்கி."

ஐயோ சாமி! அந்தச் சீமையில் யார் வீட்டு வாசலில்தான் முருங்கை மரம் இல்லை?

"ஏழு மாசம்க்கா. பேறுகாலத்துக்கு அம்மாகிட்ட போயிருதேன். ஏழரைக்குப் பஸ்சு. உங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவமேன்னு வந்தேன்." வீட்டுக்காரன் சாயப்பட்டறையில் ஷிப்டில் இருக்கிறான், அவனிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டான், சீட்டு எழுதி வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்றும் சொன்னது.

அந்த நேரத்தில் நான் என்ன பண்ணியிருக்க வேண்டும்? உட்கார வைத்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். செய்யவில்லைங்க. விசயம் வெளியே போனால் நகைக்கடை விளம்பரம், ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாம் நின்றுவிடும், சேனலை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அண்ணன் ஆயிரம் தடவை சொல்லியிருந்தார். அந்த நாற்காலியில் உட்காருவது எனக்கு அப்படிப் பிடித்துப் போயிருந்தது. ரோட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்களே! "அம்மா எந்த நம்பர்ல இருந்துக்கா பேசினாக?" என்று அது கேட்டபோது, "காயின் பூத்துங்க கண்ணு, நம்பர் தெரியாது" என்று வாய் கூசாமல் சொன்னேன். சொன்ன வாயை இன்றைக்கு நினைத்தாலும் அறையலாம் போல இருக்கிறது.

அதற்குள் தெக்கத்திக்காரி வந்துவிட்டாள். வாசலில் நின்று கடைசி நாலு வார்த்தையைக் கேட்டிருப்பாள் போல. துணிப்பையைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். முகம் செத்துப் போய்விட்டது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் அந்தப் புள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அந்தக் குரலிலேயே பேசினாள்.

"எம் மக அங்கதான் திருப்பூருல ஏதோ பனியன் கம்பெனில வேலை பாக்கா தாயி..."

அந்தப் புள்ளை சிரித்தது முதலில். விளையாடுகிறாள் என்று நினைத்துவிட்டது. தெக்கத்திக்காரி நிறுத்தாமல் முருங்கைக்காய் வரைக்கும் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த முகத்தில் சிரிப்பு எப்படிக் காய்ந்து போனது என்று நான் பார்த்தேன். "கோவமெல்லாம் போயிட்டு" என்ற இடத்தில் இவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "நாந்தாம்மா. பாட்டுக்காகப் பேசினேன். அப்படி ஒரு அம்மா கிடையாது" என்று அந்தப் புள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

அடிக்கும் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எங்களுக்கும் நன்றாக இருந்திருக்கும். அது பையை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பம் கோவம் போகலையா?" என்று மட்டும் கேட்டது.  அப்புறம், "நான் போய்ப் பாக்கத்தான் போறேன். பொய்யின்னா பொய்யின்னு இருக்கட்டும். எங்கம்மாவ எனக்குப் பாக்கணும்" என்று எழுந்தது.

இந்த வயிற்றோடு, அரிவாள் எடுத்த வீட்டுக்கு, அதுவும் நாங்கள் சொன்ன பொய்யைக் கேட்டு!  தெக்கத்திக்காரிதான் வழியை மறித்தாள். "போறதுக்கு முந்தி ஒரு போன் போட்டுப் பாப்பம்ட்டி. உங்க தெருவுல யாரு வீட்டுலயாவது போன் உண்டா?" தெருமுனைப் பலசரக்குக் கடையில் உண்டு, நம்பர் மனப்பாடம் என்றது. ரெண்டு வருசமாக மனசுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. ஒரு தடவைகூடப் போன் பண்ண தைரியம் வரவில்லை.

எதிரில் எஸ்டிடி பூத். மூன்று பேரும் அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நெருக்கிக்கொண்டு நின்றோம். "நீ பேசுட்டி, ஏனுங்க. உன் குரலு அந்த ஊரு கேட்டிராத குரலு. டிவின்னு சொல்லு. அவ அம்மா வாறதுக்கு முந்தி திருப்பூருன்னு மட்டும் வாயைத் தொறந்துராத" என்றாள் தெக்கத்திக்காரி. கடைக்காரர் எடுத்தார். "வணக்கமுங்க, டிவியில நேயர் விருப்பம் நிகழ்ச்சியிலிருந்து பேசறோம், உங்க தெருவுல ஒருத்தரைத் தேர்ந்தெடுத்திருக்கோம்" என்று அந்தப் புள்ளையின் அம்மா பேரைச் சொன்னேன். டிவி என்றதும் மனுசன் ஆளே மாறிவிட்டார். பத்து நிமிசம் கழித்துக் கூப்பிடுங்கம்மா, ஆள் அனுப்புகிறேன் என்றார்.

மறுபடியும் கூப்பிட்டபோது கடை முழுக்கச் சத்தம். தெருவே கூடிவிட்டது போல. அதற்கு நடுவில் ஒரு குரல், "ஆரு?" என்றது. சத்தியமாகச் சொல்கிறேன், தெக்கத்திக்காரி பேசின குரலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இது கரகரவென்று, கோபக்காரக் குரல்.

"வணக்கமுங்கம்மா. நாங்க திருப்பூர் டிவிங்க" என்றேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. "உங்களுக்கு என்ன பாட்டுப் போடட்டுங்க?" என்று கேட்டேன்.  பக்கத்தில் அந்தப் புள்ளை ரிசீவரின் பின்பக்கம் காதை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. "இங்க ஒரு புள்ளைக்கு ஏழு மாசமுங்கம்மா. அதுக்கு ஒரு தாலாட்டுப் பாட்டுப் போடலாம்னு இருக்கோம். உங்க விருப்பமா போட்டுக்கலாங்களா?"

"ஏழா?" என்றது குரல். அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, கடையில் இருக்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் பேச ஆரம்பித்தது. "போடுங்க தாயி, நல்ல பாட்டாப் போடுங்க. என்னது, நேருல வரணுமா? வேண்டாம். அங்கருந்து ஆரும் இங்க வரப்பிடாது. இங்க இன்னும் ஒண்ணும் சரியாகல. இருக்கிற எடத்துலயே இருக்கட்டும், நல்லாருக்கட்டும். தைப்பூசத்துக்கு நான் பழனிக்கு நடந்து வாரேன். அங்கன பக்கந்தான உங்க டிவி? அப்பம் நானே வந்து பாக்கேன்."

நேரில் வரச் சொல்லி நான் கேட்கவே இல்லைங்க. அந்தம்மாவே கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லி, தெருவையே பக்கத்தில் வைத்துக்கொண்டு மகளிடம் பேசிவிட்டாள். நாங்கள் ரெண்டு பேரும் ஒரு வருசமாக டிவியில் நடித்ததெல்லாம் ஒரு நடிப்பா? ரிசீவரை அந்தப் புள்ளை கையில் கொடுத்தேன்.  மூச்சுச் சத்தம் மட்டும் போயிருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து, "எல்லாரும் சாப்பிட்டீகளா?" என்று கேட்டது. அந்தப் புள்ளை தலையைத் தலையை ஆட்டிற்று. "நேரத்துக்குச் சாப்பிடணும்" என்று சொல்லிவிட்டு அந்தம்மா வைத்துவிட்டாள்.

ஏழரை பஸ் போய்விட்டது. நாங்கள் ரெண்டு பேரும் அந்தப் புள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அதன் லைன் வீட்டில் விட்டோம். ஷிப்ட் முடிந்து வந்த பையன் சீட்டைப் படித்துவிட்டு வாசலிலேயே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் பச்சைச் சாயம், அழுது அழுது முகத்திலும் பச்சை.

மறுநாள் ஞாயிறு. பக்கத்து ரூமுக்கு இனிப் போகமாட்டோம் என்று கேபிள் அண்ணனிடம் சொன்னோம். கத்தினார். வேற ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்றார். போட்டுக்கங்க என்றேன். எனக்கா அவ்வளவு ரோசம் என்று எனக்கே ஆச்சரியம். மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தவர், நாலாவது நாள் வந்து புதன், சனி ரெண்டு நாள் மட்டும் நிஜமாகவே லைவ் வைத்துக்கொள்ளலாம் என்றார். முதல் புதன்கிழமை முதல் கால் பண்ணினவர் பாட்டே கேட்கவில்லை. "ஒரு வருசமா டிரை பண்றனுங்க, என்ன எளவு சேனலுங்க இது!" என்று வைதுவிட்டு வைத்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு மாதிரி அப்புறம் சிரித்ததே இல்லை.

மார்கழிக் கடைசியில் அந்தப் புள்ளைக்குப் பெண் குழந்தை பிறந்தது. தைப்பூசம் முடிந்த மறுநாள் மத்தியானம், தாராபுரம் பஸ்ஸில் வந்து இறங்கிக் கேட்டுக் கேட்டு, அந்தம்மா எங்கள் சேனலுக்கே வந்துவிட்டாள். காலெல்லாம் கொப்புளம். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. கூட நடந்த சனத்திடம் ரெண்டு நாள் மலையடிவாரத்தில் தங்கிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். லைன் வீட்டுக்குக் கூட்டிப்போனோம். மகளுக்கு ஒரு நிமிசம் அடையாளமே தெரியவில்லை. தெரிந்ததும், "என்னம்மா இது, இவ்வளவு முடியையும்..." என்று அந்த மொட்டைத் தலையைத் தடவித் தடவி அழுதது.

"முடிதான, வளந்துட்டுப் போகுது. குழந்தையக் கொண்டா" என்று அந்தம்மா கை கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மருமகன் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மகள் நடந்ததையெல்லாம் சொல்லக் கேட்டுவிட்டு, "உங்கள்ல எவ எங்குரல்ல பேசினவ?" என்று கேட்டாள். தெக்கத்திக்காரி முன்னால் போனாள். "கூறுகெட்டவளே, எம் புள்ளைய அருவா வெட்டுக்குல்லா பஸ் ஏத்தப் பாத்திருக்க" என்று விட்டாள் பாருங்க, காது கொண்டு கேட்க முடியாது. இவளும் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். வைது முடித்துவிட்டு, பையிலிருந்து பஞ்சாமிர்தத்தை எடுத்து அவள் வாயில் ஒரு கை வைத்தாள். அப்புறம் எனக்கும்.

ரெண்டு நாள் இருந்தாள். அந்தப் பையன் ரெண்டாம் நாள்தான் ஒரு டம்ளர் காப்பியைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தான். அந்தம்மா அவனைப் பார்க்கவில்லை. ஆனால் காப்பியைக் குடித்தாள். மதுரை பஸ் ஏற்றிவிட நாங்களும் போயிருந்தோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இனி எப்பம்மா?" என்று மகள் கேட்டது.

அந்தம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "அடுத்த தைப்பூசத்துக்குத்தான். அஞ்சு வருசம் தொடர்ந்து நடந்து வந்து மொட்டை போடுதேன்னு முருகனுக்கு நேந்திருக்கேன்னு உங்கப்பாட்ட சொல்லியிருக்கேம்லா."

அஞ்சு வருசமும் வந்தாள்.